கை ஆடியதா, வண்டி ஆடியதா?

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கார்த்திகை தீபம் முடிந்து மார்கழிப் பனி இறங்கிய சமயத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு டீசல் ஜீப் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அவருக்கு ரொம்பக் கம்மி. இதைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் டீச்சர்களைக் காலையில் டவுனில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார், சாயந்திரம் திரும்பக் கூட்டி வருவார். மற்ற நேரத்தில், வெளியூரிலிருந்து வருகிற நடக்க முடியாத பெரியவர்களை உட்கார வைத்து மலையைச் சுற்றிக் காட்டுவார். வண்டியைத் துடைக்கிற துணியைக்கூட அவரே துவைத்துக் காயப் போடுவார். "எனக்குச் சக்களத்தி வேற தனியா வேணுமா? அதான் வாசல்லயே நிக்குதே"ன்னு நான் கிண்டல் செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைப்பார்.

அந்த வண்டிதான் திடீரென்று ஆட ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்குமாம். எங்கேயாவது ஒரு தூக்கிப் போடல், அவ்வளவுதான், ஸ்டியரிங் கையில் நிற்காதாம். சல்லடையில் மாவு சலிக்கிற மாதிரி இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளுமாம். முன் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கிற டீச்சர்கள் சாப்பாட்டுக் கூடையோடு ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து எழுந்திருப்பார்கள்.

செங்கம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், இவருடன் சின்ன வயதிலிருந்து கூடப் படித்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நட்டு போல்ட்டெல்லாம் முறுக்கினார். டயரை முன்னும் பின்னுமாக மாற்றினார். எல்லாம் செய்துவிட்டு, முன்னால் ஒரு கற்பூரம் ஏற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றி வந்தார்.

எங்கள் ஊரில் அவர் மட்டுமில்லை, அந்தப் பட்டறைத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். வண்டி பட்டறையை விட்டு வெளியே வந்தால் முதல் ஓட்டம் அண்ணாமலையாருக்கு. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, அடி அண்ணாமலை வழியாக ஒரு சுற்று. வண்டியை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆயிற்று. மெக்கானிக்கும் அப்படிச் சுற்றி முடித்து வந்து, வண்டி அல்வா மாதிரி போகுது என்று சாவியைக் கொடுத்தார்.

நாலு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் ஆடியது. இவர் மறுபடியும் பட்டறைக்குப் போனார். அவரும் மறுபடியும் தூக்கிப் பார்த்து, முறுக்கி, மலையைச் சுற்றிவிட்டு வந்து, வண்டியில் ஒன்றுமில்லை என்றார். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள், "வண்டில ஒண்ணும் இல்லடா. நீ தான் ஸ்டியரிங்க ரொம்ப இறுக்கிப் புடிக்கிற போல. கைய கொஞ்சம் லூசா விடு" என்று சொல்லியிருக்கிறார். நண்பன் என்ற உரிமையில், நல்ல மனசோடு சொன்னதுதான்.

அதே வாரம் ஒரு டீச்சர், அவரும் தங்கமான மனுஷி, இறங்கும்போது ரொம்ப அக்கறையாகக் கேட்டிருக்கிறார்: "ஏங்க, உங்களுக்குக் கை நடுங்குதா? பின்னால இருந்து பாத்தா அப்படித்தான் தெரியுது. உடம்ப கவனிங்க."

இந்த இரண்டையும் அவர் என்னிடம் சொல்லவே இல்லை. பிறகு நானாகத் தெரிந்துகொண்டதுதான். அந்தச் சமயம் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: காபி டம்ளரை நீட்டினால் கையில் வாங்காமல், "அங்க வையி" என்றார். சட்டைப் பட்டனை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டார். வண்டியைத் துடைப்பதை நிறுத்தினார். என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லை. அந்த ஒண்ணுமில்லை என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒரு நாள் காலை யாரோ ஒருவர் வாசலில் வந்து நின்று, ஜீப் விலைக்கு வருதாமே, பாக்கலாமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவரிடம் வண்டி சவாரிக்குப் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு, இவர் வருகிற வரைக்கும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். என்ன தைத்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஜாக்கெட் கையைப் பிறகு பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

வந்ததும் பிடித்துக்கொண்டேன். கத்தினேன் என்றே சொல்லலாம். பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கிறது ஞாபகம் இருக்குதா, வண்டிய விக்கப் போறத ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டு கடைசியா எனக்குச் சொல்லலாம்னு இருந்தீங்களா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

 

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போட்டுப் பிழைத்தவர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்திவிடும். மானஸ்தர், சிந்தியதை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு நாள் நான் தட்டை வாங்கி ஊட்டிவிட்டேன். முதலில் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றார். அப்புறம் போகிற வரைக்கும் என் கையால்தான் சாப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதனால், கை நடுங்குதா என்று ஒருத்தர் கேட்டதும் மனசு நேராக அங்கே போய் நின்றுவிட்டது. டீச்சர்கள் நாலு பேர் உயிர் என் கையில் இருக்குது, நடுங்குற கைய வச்சிக்கிட்டு நான் ஓட்டலாமா என்று கேட்டார். டாக்டரிடம் போகலாம் என்றேன். டாக்டர் அதுக்கு ஒரு பேர் வச்சிடுவாரு, வேணாம் என்றார்.

ஜீப் போனால் போகட்டும், வேறு வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் தன் கை போய்விட்டது என்று முப்பத்தெட்டு வயதிலேயே நம்பிவிட்ட மனுஷனை நான் எங்கே கொண்டுபோய் ரிப்பேர் செய்வேன்? அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மத்தியானம் வெயில் மங்கலாக இருந்தது, கரண்ட்டும் இல்லை. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஊசியை வாங்கி, நூல் நுனியை நாக்கில் தொட்டு, ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஊசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மாமனாருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் ஜாஸ்தி நடுங்கும். மடியில் வைத்த கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். இவர் கை மடியில் கல் மாதிரி கிடந்தது. வண்டிப் பேச்சு எடுத்தால்தான் விரல் லேசாகத் துடித்தது. அது வியாதி இல்லை, பயம் என்று எனக்கு உறைத்தது.

சொன்னேன். ஒரு ஊசி கோத்ததுக்கு இவ்ளோ பேச்சா என்று எழுந்து போய்விட்டார். நான் சொல்லி அவர் நம்ப மாட்டார் என்று தெரிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் அண்ணன் பாவம், நான் சொன்னதைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். நண்பன் மனசில் இப்படி ஒரு எண்ணம் இருப்பது அவருக்கும் தெரியாது. "அய்யய்யோ, நான் அந்த அர்த்தத்துல சொல்லல தங்கச்சி" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறேன் என்றார்.

"எங்கண்ணா ஓட்டிப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஓட்டுவாங்க? மலைய சுத்தித்தான்."

"எங்க வீட்டுக்காரருக்கும் மலை சுத்தும்போது ஆடவே இல்லியே. கீழ்பென்னாத்தூர் ரோட்டுலதான ஆடுது?"

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.  அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி விளக்கினார். மலைப் பாதையில் எப்போதும் வலப்பக்கமாகவே ஒடித்துக்கொண்டு போகிறோம். நடக்கிறவர்கள் இருப்பதால் வேகமும் கிடையாது. உள்ளே ஏதாவது தேய்ந்து லூசாக இருந்தாலும், ஒரே பக்கமாக அழுந்திக்கொண்டு சத்தமில்லாமல் வரும். நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போதுதான் அதற்கு ஆட இடம் கிடைக்கும். எனக்கு இது உடனே புரிந்தது. இடுப்போடு சாய்த்துப் பிடித்த குடம் எங்கே ஆடும்? மலையைச் சுற்ற வைத்த சாமியே வண்டியின் குறையையும் மறைத்து வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் கிளம்பினோம். மெக்கானிக் அண்ணன் ஓட்டினார், இவர் பக்கத்தில், நான் பின்னால். பாரம் இருந்தால்தான் சரியாகத் தெரியும், ரெண்டு மணல் மூட்டை போடட்டுமா என்று அண்ணன் கேட்டார். இவர் பல நாள் கழித்து விளையாட்டாக வாயைத் திறந்து, "அதான் பின்னால உக்காந்துருக்குதே, போதும்" என்றார். வேறு நாளாக இருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அந்தக் கிண்டலைக் கேட்டே எனக்குக் கண் கலங்கியது.

ரோடு நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் நெல்லும் மல்லாட்டையும் புளியமரமுமாகப் போய்க்கொண்டே இருக்கிறோம். அண்ணன் வேகத்தைக் கூட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். வண்டி துளிகூட ஆடாமல் வருகிறது. இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தியா? நான் தான் சொன்னேன்ல" என்று அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது நான் வேண்டிக்கொண்டது எந்தப் பொண்டாட்டியும் வேண்டாத வேண்டுதல். அண்ணாமலையாரே, இந்த வண்டி ஆடணும். நல்லா ஆடணும். எங்களுக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, இவர் கண் முன்னால் இன்னொருத்தர் கையில் இது ஆடணும்.

எதிரே ஒரு பஸ் வந்தது. ரோடு குறுகல். பஸ்ஸுக்கு வழிவிட அண்ணன் ஒதுங்கினார். இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கி மறுபடியும் தார் மேல் ஏறியது. அவ்வளவுதான். ஐயோ, என்னவென்று சொல்வேன்! ஸ்டியரிங் அவர் கையைப் பிடித்து உதறியது. வண்டி மொத்தமும் கடகடவென்று அடித்துக்கொண்டது. நான் முன் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அண்ணன் "யம்மா"ன்னு கத்திக்கொண்டே பிரேக்கை மிதித்து, எப்படியோ ஒரு புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார்.

 இவர் அண்ணனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை விட்ட பிறகும் அந்தக் கை இரண்டும் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் கையைத் தூக்கிக் காட்டி, "டேய், எனக்கும் நடுங்குதுடா. பாரு, எனக்கும் நடுங்குது" என்றார்.

இவர் முதலில் சிரித்தார். கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மூன்று உயிர் தப்பியதற்கு அழ வேண்டிய இடத்தில், வண்டி ஆடியதே என்ற சந்தோஷத்தில் அழுத குடும்பம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

வண்டியை ஊர்ந்து ஊர்ந்து பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். இந்தத் தடவை அண்ணன் ஜாக்கி வைக்கவில்லை. தூக்கி வைத்தால் சக்கரத்தின் மேல் பாரம் இருக்காது, பாரம் ஏறினால்தான் லூசு தன் குணத்தைக் காட்டும் என்றார். சக்கரம் நாலும் தரையில் நிற்க, ஒருத்தர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமாக அசைக்க வேண்டும். இன்னொருத்தர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணன் கீழே படுக்கப் போனார். இவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நான் பாக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். எனக்கு ஸ்டியரிங். அத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

கீழேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. ஆட்டு. கொஞ்சமா. போதும். இன்னொரு தடவ. நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். தோள்பட்டை வலி எடுத்தது.  

"இங்க இருக்குது" என்றார். "கையில தட்டுது. டேய், கையில தட்டுதுடா!"

முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற ராடின் நுனியில், இடது பக்கத்து பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டு உள்ளுக்குள்ளேயே தேய்ந்துபோயிருந்தது. மேலே ரப்பர் மூடி முழுசாக, கிரீஸ் பூசிக்கொண்டு, புதுசு மாதிரி பளபளவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல் வைத்தால் மட்டும் லேசாக ஒரு தட்டல். அதே பக்கத்தில் சக்கரம் திரும்புகிற கிங் பின் பேரிங்கும் தேய்ந்திருந்தது.

என்னையும் கீழே கூப்பிட்டார். புடவையைச் செருகிக்கொண்டு, கிரீஸும் மண்ணுமாக இருந்த சாக்கில் அவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அண்ணன் மேலே ஏறி ஸ்டியரிங்கை அசைத்தார். இவர் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த மூட்டின் மேல் வைத்தார். "தெரியுதா?" முதலில் தெரியவில்லை. அவர் என் விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, தன் விரலால் மேலே அழுத்திப் பிடித்தார். அப்போது தெரிந்தது, குழந்தை உள்ளேயிருந்து உதைக்கிற மாதிரி ஒரு சின்ன இடி. தெரியுது என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. என் விரல் மேல் இருந்த அந்தக் கை துளிகூட நடுங்கவில்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. வண்டிக்கு மேலேயிருந்து அண்ணன்தான், "இன்னா, ரெண்டு பேரும் அங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டார்.

பால் ஜாயிண்ட்டும் பேரிங்கும் புதுசு போட்டு, இரண்டு சக்கரமும் நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துச் சரிபார்த்தார்கள். அண்ணன் வழக்கம்போலக் கற்பூரத்தை எடுத்தார். இவர் சாவியை வாங்கிக்கொண்டார். முதலில் கீழ்பென்னாத்தூர், அப்புறம் அண்ணாமலையார், அவரு கோவிச்சுக்க மாட்டாரு என்று சொல்லிவிட்டு என்னை ஏறச் சொன்னார். இந்த முறை நான் முன் சீட்டில். அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே இடது சக்கரத்தை மண்ணில் இறக்கி ஏற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

திரும்பும்போது ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நிஜமாவே அப்பா மாதிரி எனக்கு வந்திருந்தா?"

"வந்திருந்தா என்னா? மாமாவுக்கு ஊட்டுனவளுக்கு உங்களுக்கு ஊட்டத் தெரியாதா? நீங்க சொவுத்துப் பக்கம் திரும்பி உக்காராம இருந்தா போதும்."

 அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் மடியில் வைத்தார். அந்த மனுஷன் வெட்டவெளியில் என் கையைத் தொடுவதற்கே கூச்சப்படுகிறவர். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தும்கூட எடுக்கவில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது, எல்லாம் என் தப்பு, எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நான் ஆறுதல் சொல்வதில்லை, புத்தியும் சொல்வதில்லை. வா, அது எந்த ரோட்டில் ஆடியதோ அந்த ரோட்டில் உன்கூட நானும் ஒரு தடவை வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.